கிரான் கற்பித்த பாடம்

மாணவர்களே! குறித்த வேளையில் குறித்த பணியைத் தானே நிறைவேற்றும் மென்பொருள்களுள் புகழ்வாய்ந்தது 'கிரான்'. காலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இப்பெயருக்கு மூலம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இதனைக் காண்கிறோம்.

இதன் அமைப்பு மிக எளியது. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என 5 குறிப்புகள், அவற்றின்பின் ஆணை. நிருவாகி எழுதிவைப்பார், கிரான் படித்து நிறைவேற்றும். எழுத்தில் பிழை நேர்ந்தால்? ஏழாம் பதிப்பின் கிரான் அவ்வரியைக் கடந்து சென்றுவிடும். எவருக்கும் ஒரு சொல்லும் உரைக்காது.

இதன் தீங்கை எண்ணிப் பாருங்கள். இரவுதோறும் கணக்குகளைப் படியெடுத்து வைக்குமாறு ஒருவர் ஆணை எழுதுகிறார். குறிப்பில் ஓர் எழுத்துப் பிறழ்கிறது. படி எடுக்கப்படவே இல்லை. மூல வட்டுப் பழுதாகும் நாளிலேதான் அவர் அதனை அறிவார்.

பால் விக்ஸி 1987இல் வெளியிட்ட கிரான் பெரிதும் பரவியது. பணி தரும் வெளியீட்டை அஃது உரியவருக்கு அஞ்சலில் அனுப்பும். ஆயினும் தொடங்காத பணிக்கு வெளியீடு ஏது? அஞ்சல் வாராமை 'யாவும் நலம்' என்றும் பொருள்படும். 'ஒன்றும் நடக்கவில்லை' என்றும் பொருள்படும்.

இக்குறையை ஓரளவு போக்கியது 'கிரான்டாப்' என்னும் துணைக்கருவி. அதன்வழி எழுதினால், கோப்பை ஏற்குமுன் சோதித்து, பிழையுள்ள வரியின் எண்ணையும், தவறியது நிமிடமா மணியா என்பதையும் காட்டி, திருத்துகிறீரா என வினவும். கோப்பைக் கருவியின்றி நேரே வைப்பவருக்கோ இக்காவல் இல்லை. டெபியன் லினக்ஸில் அத்தகைய பிழை பதிவேட்டில் குறிக்கப்படும். ஒரு வரி பிழைத்தாலும் கோப்பு முழுவதும் ஒதுக்கப்படும். பதிவேட்டைப் பாராத நிருவாகிக்கு அச்செய்தி எட்டுவதில்லை.

கட்டுரை ஏட்டின் அடியில் 'பிழை' என்று மட்டும் எழுதுவது திருத்தமாகாது. பிழைத்த சொல்லின்கீழ்க் கோடிட வேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றேன். மென்பொருளுக்கும் அதுவே நெறி. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன குறை, எப்பணி நின்றது என்னும் நான்கையும் எழுதியவரிடமே, எழுதிய வேளையிலேயே சொல்லவேண்டும். அது தவறினால், அவர் நாள்தோறும் பார்க்கும் இடத்திலேனும் சொல்லவேண்டும். நாளை மென்பொருள் இயற்றப்போகும் நீங்கள், வாய்பேசாத ஏவலாளனைப் படைக்காதீர்கள்.