படிக்கட்டு எழுதிய தீர்ப்பு

கல்வி, கரை சேர்க்கும் கலம் என்பர். கற்றோம், தேறினோம், பட்டம் பெற்றோம், இனிப் பணிமனையின் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையோடுதான் இளைஞர் ஒவ்வொருவரும் கல்லூரி வாயிலைக் கடக்கின்றனர். ஆனால் அந்தப் பணிமனைக்கு முன்னே பத்துப் படிக்கட்டுகள் நின்றால்? ஏற இயலாதவருக்கு அவர் பெற்ற பட்டம் என்ன பயன் தரும்? "படிக்கட்டு வெறும் கல்; கல்லுக்கு யார்மீது பகை?" என்று கேட்போர் உண்டு. கல்லுக்குப் பகை இல்லைதான். ஆனால் கல்லை அடுக்கியவர், இவ்வழி யார் வருவர், யார் வரமாட்டார் என்று முன்னதாகவே முடிவு கட்டிவிட்டாரே! அந்த முடிவை எதிர்த்து அமெரிக்க மண்ணில் எழுந்த கிளர்ச்சியின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஜூடித் ஹியூமன், 1947-ஆம் ஆண்டு பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கத் தாய் அழைத்துச் சென்றபோது, சக்கர நாற்காலி தீ விபத்தின்போது தடையாகும் என்று கூறித் திருப்பி அனுப்பினர். அந்தக் குழந்தை வளர்ந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று 1969-இல் பட்டமும் பெற்றது. நியூயார்க் நகரில் ஆசிரியர் உரிமம் கோரினார் ஹியூமன். எழுத்துத் தேர்வில் வென்றார். வாய்மொழித் தேர்விலும் வென்றார். மருத்துவத் தேர்வில்தான் 'தோற்றார்'! நோய் ஏதும் இருந்ததா? இல்லை. நடக்கவில்லை என்பதே குற்றம். தீப்பிடித்தால் பிள்ளைகளை எப்படி வெளியேற்றுவார் என்று கேட்டனர் கல்வி வாரியத்தார். ஐந்து வயதில் சொன்ன அதே சாக்கு, இருபத்திரண்டு வயதிலும் காத்திருந்தது!

இந்த நாட்டில்தான் 1921-இல் கால்களின் வலுவை இழந்த ரூஸ்வெல்ட், 1933 முதல் 1945 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்தார். பொருளாதாரப் பெருவீழ்ச்சியிலும் உலகப் பெரும்போரிலும் நாட்டை நடத்தினார். நாட்டை நடத்தலாம், நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பை நடத்தக்கூடாதாம்! இந்த முரண்பாட்டை அன்றைய நாளேடுகளும் சுட்டிக்காட்டின.

ஹியூமன் 1970-இல் நீதிமன்றம் ஏறினார். வழக்கு வந்து சேர்ந்த இடம், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அவர்களின் மன்றம். கறுப்பின மாணவர்களுக்குத் தாழிடப்பட்ட கல்விக்கூடக் கதவுகளை வழக்காடித் திறந்தவர் அவர். கூட்டாட்சி நீதிபதியாக 1966-இல் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி. 'இவர்களுக்கு இடமில்லை' என்ற குரலை, அது எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் காணத் தெரிந்தவர். வாரியம் பணிந்தது, உரிமம் கிடைத்தது, ஹியூமன் வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைந்தார்.

அதே காலத்தில், நாட்டின் மறு கோடியில் மற்றோர் இளைஞர். எட் ராபர்ட்ஸ் பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மூச்சுவிட இரும்பு நுரையீரல் எனும் பெரும் பொறி தேவைப்பட்டது. அவர் 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுதி அறை அந்தப் பொறியைத் தாங்காது என்பதால், வளாக மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. மாநில மறுவாழ்வுத் துறையோ, இவர் எந்நாளும் வேலைக்கு உதவமாட்டார், படிப்புக்குப் பணம் தருவது வீண் என்று முதலில் கைவிரித்தது. காலம் சுழன்றது. 1970-களின் நடுவில், உதவமாட்டார் என்று முத்திரை குத்திய அதே துறைக்கு இயக்குநராக அவரையே அமர்த்தினார் மாநில ஆளுநர்! காகிதத்தில் எழுதிய தலைவிதியைக் காலம் இப்படித்தான் கிழித்தெறியும்.

பெர்க்லி மாணவர்கள் கண்ட உண்மை யாது? குறை உடலில் மட்டும் இல்லை. ஊரின் அமைப்பிலும் இருக்கிறது என்பதே. உடல் குணமாகும்வரை வாழ்க்கையைத் தள்ளிவைக்க அவர்கள் ஒப்பவில்லை. தெருவை மாற்று, நடைபாதை விளிம்பைச் சரிவாக்கு, கட்டடத்துக்குச் சாய்தளம் அமை என்றனர். 1972-இல் தற்சார்பு வாழ்வுக்கென ஒரு நடுவமும் நிறுவினர். அவர்கள் கேட்டுப் பெற்ற சரிவுப் பாதையில் இன்று யார் செல்கின்றனர்? குழந்தை வண்டி தள்ளும் தாய் செல்கிறார். சுமைவண்டி தள்ளும் தொழிலாளி செல்கிறார். கோலூன்றிய முதியவர் செல்கிறார். ஒருவருக்கென வெட்டிய வழி, ஊருக்கே வழியாயிற்று.

சட்டம் தானே வந்து கதவைத் தட்டவில்லை. கூட்டாட்சி அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளி என்பதற்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. சட்டம் வந்தது, அதை நடைமுறைக்குக் கொணரும் விதிகளில் கையொப்பம் வரவில்லை. ஓராண்டா, ஈராண்டா? ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! 1977 ஏப்ரல் 5-ஆம் நாள் பல நகரங்களில் கிளர்ச்சி வெடித்தது. சான்பிரான்சிஸ்கோ கூட்டாட்சி அலுவலகத்தில் நுழைந்த நூற்றுக்கும் மேற்பட்டோர், மூன்று வாரங்களைத் தாண்டியும் அகலவில்லை. சக்கர நாற்காலியர், பார்வையற்றோர், காது கேளாதோர் தரையில் படுத்துறங்கினர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டதும், காது கேளாதோர் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியுலகோடு பேசினர். எது 'குறை' எனப்பட்டதோ அதுவே அன்று படைக்கலமாயிற்று! கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சோறு சுமந்து வந்து ஊட்டினர். ஒதுக்கப்பட்டோர் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்ட காட்சி அது. ஏப்ரல் 28-இல் அமைச்சர் கலிபானோ கையொப்பமிட்டார்.

கல்லூரிக் கதவு திறந்தது. தனியார் பணிமனைக் கதவு? அது அச்சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. படித்து வெளிவந்தோர் பட்டத்தோடு தெருவில் நின்றனர். கரையில்லாக் கடலில் கலம் எதற்கு? ஆகவே போர் தொடர்ந்தது. 1990 மார்ச்சில், பலர் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, நாடாளுமன்றப் படிக்கட்டுகளில் தவழ்ந்தே ஏறினர். அவ்வாண்டு சூலை 26-இல் பிறந்த சட்டம், தனியார் பணியிடங்களையும் கட்டுப்படுத்தியது. தகுதியுள்ளவர் வேலை செய்ய ஏற்றவாறு நியாயமான ஏற்பாடு செய்து தருவது முதலாளியின் கடமை என்றது. மேசையின் உயரத்தை மாற்றுவது, சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது, பணிநேரத்தைச் சற்றே திருத்துவது ஆகியவையே அந்த ஏற்பாடுகள். சலுகை அல்ல இது. மற்றவருக்கு நாற்காலியும் விளக்கும் தருவதுபோன்ற ஏற்பாடே.

இக்கருத்து எல்லை கடந்தது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. 2007-இல் இந்தியா அதை உறுதி செய்தது. அதைச் செயலாக்கவே 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் அளித்த 3 விழுக்காடு, 4 விழுக்காடாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால், தோழர்களே, விழுக்காடு நாற்காலியை ஒதுக்கும். அந்த நாற்காலிவரை வழி அமைப்பது யார்? மூன்றாம் மாடியில் அலுவலகம், மின்தூக்கி இல்லை என்றால், ஒதுக்கிய இடம் ஏட்டில்தான் இருக்கும்.

எனவே, நாளை பணிமனை புகும் இளைஞர் ஒவ்வொருவரும் முதல் நாளே கேட்கட்டும்: இங்கே சாய்தளம் உண்டா? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா? பார்வையற்ற தோழர் படிக்கக் கணினியில் வசதி உண்டா? தமக்குத் தேவையில்லை என்போரும் கேட்கட்டும்; அவர்கள் கேட்டால்தான் கேள்விக்கு வலிமை கூடும். முன்வினை என்றும் விதி என்றும் சொல்லி ஓய்ந்திருப்போர் ஓயட்டும். படிக்கட்டைக் கட்டியது கடவுளல்ல, கொத்தனார். கட்டிய கையால் மாற்றிக் கட்டவும் முடியும்!