தறப்பாள் மூடினால் போதுமா? லொறியில் உபகரணங்களைக் கட்டும் முறையும் சட்டமும்

இடம்பெயர்ந்த காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டையே ஏற்றிக் கட்டிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. கதவு நிலை, கூரைத் தகரம், சைக்கிள், நெல் மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தறப்பாள், அதற்கும் மேலே பிள்ளைகள். அன்று வேறு வழி இருக்கவில்லை. வாகனமும் குண்டும் குழியுமான பாதையில் ஊர்ந்துதான் போனது. இன்று அதே கயிற்றையும் அதே முடிச்சையும் நம்பி, ஏ-9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கொங்கிரீட் கலவை இயந்திரம் ஏற்றிச் செல்கிறோம்.

"பாரமான சாமான், தன்பாட்டில் அசையாது" என்று சாரதிகள் பலர் சொல்வார்கள். மாடு குறுக்கே பாய்ந்து பிரேக் அடிக்கும்போது லொறிதான் நிற்கிறது, அதன் மேலுள்ள பொருள் முன்னே போகவே பார்க்கிறது. பொருளின் நிறையில் 80 வீதத்துக்குச் சமமான விசையை முன்பக்கமாகவும், 50 வீதத்தைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் பின்பற்றப்படும் அளவு. 500 கிலோ இயந்திரம் என்றால் முன்னே 400 கிலோ, பக்கத்துக்கு 250 கிலோ. பாரம் கூடினால் இதுவும் கூடும்.

ஆகவே கட்டுவதற்கு முன் பெட்டியைக் கூட்டுங்கள். தளத்தில் கிடக்கும் மணலும் எண்ணெயும் பொருளை வழுக்கி ஓட விடும். பழைய டயர் இறப்பரை வெட்டிக் கீழே போட்டால் பிடிப்பு நன்றாகக் கூடும். பாரமானதைக் கீழே, முன்பக்கத் தடுப்போடு ஒட்டி வைக்கலாம். ஆனால் எல்லாப் பாரத்தையும் ஒரே பக்கத்தில் குவிக்கக் கூடாது. சில்லுள்ள இயந்திரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளைத் தளத்தோடு ஆணி அடித்து வைக்க வேண்டும்.

கயிறு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நைலோன் கயிறு இழுபடும். புறப்படும்போது இறுக்கமாக இருந்தது பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் தளர்ந்துவிடும். பற்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டிகளே நல்லவை. பட்டியில் தைத்திருக்கும் சிறு துண்டில் அது தாங்கும் அளவு 'டெக்கா நியூட்டன்' என்ற அலகில் இருக்கும். ஒரு டெக்கா நியூட்டனை ஏறத்தாழ ஒரு கிலோ என்று கணக்கிடலாம். அந்தத் துண்டு இல்லாத, ஓரம் பிய்ந்த, முடிச்சுப் போட்ட பட்டியை நம்ப வேண்டாம். பொருளுக்கு மேலாகப் போட்டு இறுக்கும் பட்டி, நிமிர்ந்து நிற்கும்போதுதான் முழுமையாக அழுத்தும். தளத்தோடு 30 பாகைக்குச் சரிந்தால் அழுத்தம் பாதிதான். கூரான இரும்பு விளிம்பில் பட்டி படும் இடத்தில் பழைய ரியூப் துண்டொன்றை வையுங்கள். கொளுக்கியைப் பக்கப் பலகையில் மாட்டாமல், அடிச்சட்டத்தோடு பொருத்திய வளையத்தில் மாட்டுங்கள்.

உண்மையில் அதிகம் பறப்பவை சிறு சாமான்கள்தான்: அலவாங்கு, மண்வெட்டி, ஜக், பெயின்ற் வாளி. தறப்பாள் மழைக்கும் தூசிக்குமானது, அது இவற்றைத் தடுத்து நிறுத்தாது. தளத்தோடு பூட்டிய பூட்டுப் பெட்டி ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும். சாரக் குழாய்களைக் கட்டும்போது பட்டியைக் கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள குழாய் உருவிக்கொண்டு வரும். ஒட்டு வேலைக்கான வாயுச் சிலிண்டர்களை மூடி போட்டு, நிமிர்த்திக் கட்ட வேண்டும். சாரதி இருக்கும் அறைக்குள் வைக்கவே கூடாது. "நான் மேலே இருந்து பிடிச்சுக்கொள்ளுறன்" என்று ஏறும் உதவியாளரை இறக்கிவிடுங்கள். 400 கிலோ விசையை ஒருவராலும் பிடிக்க முடியாது.

சட்டத்துக்கு வந்தால், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே அடிப்படை. வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிறைக்கு மேல் ஏற்றுவது குற்றம். விழுந்த பொருளால் ஓர் உயிர் போனால் விடயம் தண்டப்பணத்தோடு முடியாது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம். "முதலாளி ஏற்றச் சொன்னார்" என்பது ஸ்ரேறிங் பிடித்தவரைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். தண்டப்பத்திரம் புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன் விளக்கம் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும்கூட.

அமெரிக்க விதிகளின்படி புறப்பட்டு முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீற்றருக்குள், கட்டுகளை ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு அது ஏறத்தாழ முறிகண்டி. எப்படியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குவோம். கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதற்கு முன் லொறியை ஒருமுறை சுற்றி வந்து பட்டிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள். இறக்கும் இடத்திலும் அவசரப்பட வேண்டாம்: சாமான் கதவோடு சாய்ந்திருக்கலாம் என்பதால், பின்கதவைத் திறக்கும்போது நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று திறவுங்கள்.