புழைக்கடை

கலிங்கத்துப்பரணியில் ‘கடைதிறப்பு’ என்றொரு பகுதி உண்டு. அந்தத் தலைப்பை இன்று படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு மளிகைக் கடையின் ஷட்டர்தான் நினைவுக்கு வரும். செயங்கொண்டார் சொன்னது வீட்டுக் கதவை. ஊடிக்கொண்டு உள்ளே தாழிட்டிருக்கும் பெண்களைக் கலிங்கப் போரின் கதை கேட்க வரும்படி அழைக்கிற பகுதி அது. கடை என்றால் வாயில். பிறன் மனைவியை விரும்பி அவன் வாசலில் போய் நிற்பவனைக் கண்டிக்கும் 142ஆம் குறளிலும் இதே பொருள்தான். விற்பனை நடக்கும் இடம் என்ற பொருள் ஓங்கிய பிறகு, வாயில் என்ற பொருள் நம் பேச்சிலிருந்து ஏறக்குறையப் போய்விட்டது. வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் தங்கியிருக்கிறது. புழக்கடை என்று சொல்லும்போதெல்லாம் நாம் அந்தப் பழைய வாயிலைத்தான் சொல்கிறோம்.

சொல்லின் முன்பாதி புழை. புழை என்றால் துளை. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று ஒரு பெயர் உண்டு; உள்ளே துளை ஓடும் கை. அரணில் விட்ட சிறு வழியும் புழைதான். முல்லைப்பாட்டில் வேட்டுவரின் சிற்றரணைப் பேசுமிடத்தில் அந்தச் சொல் வருகிறது. ஆகப் புழைக்கடை என்பது தலைவாசலைப் போல அகன்று உயர்ந்து நிற்காமல், ஆள் குனிந்து போகும்படி சுவரில் விட்ட சிறு வாயில். அகராதிகள் வீட்டின் பின்வாயில் என்றும் பொருள் தருகின்றன, பின்புறத்து இடம் என்றும் தருகின்றன. கதவின் பெயர் கதவைத் தாண்டி அதன் வெளியே கிடந்த மண்ணுக்கும் ஆகியிருக்கிறது. வீட்டின் முன்பக்கத்திலும் இதுவே நடந்தது. வாசல் தெளிக்கிறாள் என்றால் யாரும் நிலைக்கதவில் தண்ணீர் ஊற்றுவதாக நினைப்பதில்லை. கதவுக்கு முன்னே கோலம் போடும் தரையைத்தான் நினைக்கிறோம்.

வாழைப்பழம் பேச்சில் வாழப்பழம் ஆவதுபோல, நடுவில் நின்ற ஐகாரம் தேய்ந்து புழைக்கடை புழக்கடை ஆயிற்று. நாக்கு இன்னும் தளர்ந்தால் பொழக்கட. ஐகாரம் போனதோடு துளையின் நினைவும் போயிற்று. அதனால் புழங்குகிற இடம்தானே புழக்கடை என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. சொற்பிறப்பாக அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு நாள் வேலை செய்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. பக்கத்திலேயே புறங்கடை என்ற இன்னொரு பழைய சொல்லும் இருந்தது. வாயிலுக்கு வெளிப்பக்கம் என்பது அதன் பொருள். புழை மறந்துபோன பிறகு மக்கள் ‘புற’ என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று புறக்கடை, புழக்கடை இரண்டும் ஒரே இடத்துக்கு வழங்குகின்றன.

நான் வளர்ந்த தஞ்சைப் பக்கத்தில் இந்தச் சொல்லைவிடக் கொல்லை என்பதே வழக்கு. அதன் கதை வேறு. சங்கப் பாட்டுகளில் கொல்லை என்பது முல்லை நிலத்து மேட்டுப் புன்செய். வரகும் பயறும் விளைகிற இடம். வீட்டோடு அதற்கு ஒட்டில்லை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இன்றும் அந்தப் பொருள் மாறவில்லை. அங்கே அப்பா கொல்லைக்குப் போயிருக்கிறார் என்றால் ஏர் ஓட்டவோ கடலைக்குக் களை பார்க்கவோ போயிருக்கிறார். தஞ்சாவூரில் அதே வாக்கியத்துக்குக் காலைக்கடன் என்று பொருள்.

மேட்டு நிலத்தின் பெயர் வீட்டுப் பின்புறத்துக்கு எப்படி வந்தது? எனக்குப் படுவது இது. காவிரிப் பாசனத்தில் ஊரைச் சுற்றி எங்கும் சேறு, எங்கும் நெல். தண்ணீர் நிற்காத மேடு என்று ஒரு குடும்பத்துக்கு வாய்த்தது வீடு கட்டிய மனையும் அதன் பின்னால் நீண்ட துண்டும்தான். அவரை, கத்தரி, கீரை, முருங்கை என்று புன்செயில் வரக்கூடியதெல்லாம் அந்தத் துண்டில்தான் வந்தாக வேண்டும். பரந்த கொல்லை அங்கே வீட்டுக்குப் பின்னால் சுருங்கி நின்றது.

ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு. நெல்லைச் சீமையில் புறவாசல். கொங்கு நாட்டில் பொடக்காளி. யாழ்ப்பாணத்தில் வேலி சூழ்ந்த மனை முழுவதும் வளவு, அதன் பின்கோடி அடிவளவு. செட்டிநாட்டில் வளவு என்றாலோ வீட்டுக்கு உள்ளே இருப்பது. இத்தனை பெயரிலும் எனக்குப் பிடித்தது புழைக்கடைதான். மற்றவை பெரும்பாலும் பக்கத்தையோ நிலத்தையோ சொல்ல, இது வாயிலைச் சொல்கிறது. அந்த இடத்தை விளங்கிக்கொள்ள அந்த வாயிலில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வெளியே போவது தண்ணீர். அரிசி களைந்த கழுநீர் பானையில் சேர்ந்து மாட்டுக்குப் போகும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் துவைகல்லின் ஓரமாக மண்வாய்க்காலில் ஓடும். வாய்க்காலை ஒட்டிச் சேம்பு. எப்போதும் ஈரம் கேட்கும் செடி அது. அடுத்து வாழை. முருங்கை அதற்கும் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில். வேரில் நீர் நின்றால் அழுகிவிடும். இந்த வரிசையை யாரும் வரைந்து வைக்கவில்லை, தண்ணீர் ஓடிய வழியே வகுத்துக் கொடுத்தது. அன்று பாத்திரம் தேய்த்தது அடுப்புச் சாம்பலாலும் புளியாலும். சாம்பலில் பொட்டாஷ் உண்டு, வாழைக்கு அதிகம் வேண்டிய சத்தும் அதுதான். ஒரு வேலையின் கழிவு இன்னொன்றுக்கு உரமாகப் போய்ச் சேர்ந்தது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் தனி. போனதற்கு ஈடாக அதே வாயில் வழியே வாழையிலை, பூ, தண்டு, ஒரு கை கீரை, ஆடியில் ஊன்றிய அவரையின் தை மாதத்துக் காய் எல்லாம் உள்ளே வரும்.

கோழி அடை வைப்பதும் இங்கேதான். அகன்ற மண்சட்டியில் மணல் அல்லது வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைப்பார்கள். கூடவே ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடாமல் இருக்க இவை காவல் என்பது நம்பிக்கை. ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சிவந்த நரம்பு தெரியும்; தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுவார்கள். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டு வரும். அதன் பிறகு பருந்துக்கும் கீரிக்கும் பயந்து பஞ்சாரம் கவிழ்ப்பார்கள். முட்டை விற்ற காசு பெண்களின் கையில் நின்றது. சுருக்குப்பையில் போகும் அந்தக் காசுக்கு வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்தச் சிறு வாயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் கீரையும் அவரையும் மட்டும் பேசுவது நியாயமாகாது. தலைவாசலில் அனுமதி இல்லாதவர்களுக்கு வகுத்த வழியும் இதுதான். வயலில் பாடுபட்ட தாழ்த்தப்பட்ட சாதி மக்கள் பண்ணை வீட்டின் கொல்லைப் பக்கம் வந்து நின்றுதான் கூலியும் கஞ்சியும் வாங்க வேண்டியிருந்தது. கஞ்சி கைபடாமல் மேலேயிருந்து ஊற்றப்பட்டது. மாதவிலக்கான பெண்ணைப் பின்கட்டில் உட்காரவைத்தார்கள். நகரங்களில் எடுப்புக் கக்கூசை அள்ள வந்தவர்களுக்கென்று வீடுகளின் பின்னால் தனிச் சந்து விட்டார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. யார் எந்த வாயில் வழியாக வரலாம் என்பதை வீடு கட்டும்போதே சாதி தீர்மானித்திருந்தது. வாயிலைச் சிறிதாக வைத்ததில் சிக்கனம் மட்டுமா இருந்தது?

இடம் மாறத் தொடங்கியது, நான் பார்த்தவரை, சாம்பல் போய்ச் சோப்பு வந்தபோது. எரிவாயு அடுப்பில் சாம்பல் இல்லை. சோப்புத் தண்ணீரைக் கீரைப்பாத்தியில் விட யாருக்கும் மனம் வரவில்லை. வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட்டுத் தெருச் சாக்கடையில் சேர்த்தார்கள். ஈரம் நின்றது, சேம்பு போயிற்று, பிறகு வாழை. வெறுமையாகக் கிடந்த மண்ணில் சிமெண்டு பூசினார்கள், அல்லது வாடகைக்கு ஓர் அறை எழுப்பினார்கள். அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்கு அப்பால் துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிற மூன்றடி இடத்துக்கு ‘யுட்டிலிட்டி’ என்று பெயர்.

சொல் மட்டும் எதிர்பாராத ஓரிடத்தில் தழைத்திருக்கிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கையேடுகளிலும் கால்நடைத் துறை அறிவிப்புகளிலும் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்றே அச்சிடுகிறார்கள். கூண்டில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணை முறையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது. புதிதாக ஒன்றைச் செய்யாமல் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். இன்னும் ஒன்று செய்யலாம். கொங்கு நாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு அந்த இடம் பொடக்காளி, தஞ்சையிலிருந்து வருபவர்களுக்குக் கொல்லை. அடுத்த பதிப்பில் புறக்கடை என்பதன் பக்கத்தில் அந்தச் சொற்களையும் சேர்த்து அச்சிட வேண்டும்.