ஆர். வெங்கட்ராமன்: தொழிலாளர் வழக்கறிஞர், தொழில் அமைச்சர்

இராமசாமி வெங்கட்ராமன் (4 டிசம்பர் 1910 – 27 ஜனவரி 2009) வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, விடுதலைப் போராட்ட வீரர், மாநில அமைச்சர், மத்திய அமைச்சர், இந்தியாவின் எட்டாவது குடியரசுத் தலைவர். பாடப்புத்தகங்கள் அவரைக் கடைசிப் பதவியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு அவர் செய்த பெரும்பணியோ அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே முடிந்திருந்தது. சென்னை மாநிலத்தின் தொழில் அமைச்சராக அவர் இருந்த 1957 முதல் 1967 வரையிலான பத்தாண்டுகளின் பணி அது.

பட்டுக்கோட்டையை அடுத்த இராஜாமடம் அவருடைய சொந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்று, பிறகு சட்டம் படித்து, 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். பொருளியலும் சட்டமும் சேர்ந்த அந்தப் படிப்பு பின்னாளில் அவர் தொட்ட ஒவ்வொரு துறையிலும் கைகொடுத்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டதால் 1942இல் கைதாகி இரண்டாண்டுகள் சிறையில் இருந்தார்.

1946இல் அவருக்கு அபூர்வமான ஒரு வழக்குப் பணி வந்தது. ஜப்பானியர் ஆண்டபோது அவர்களுக்கு உடந்தையாக இருந்ததாக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள் பலர்மீது பிரிட்டிஷ் நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. அவர்களுக்காக வாதாட இந்திய அரசு அனுப்பிய வழக்கறிஞர் குழுவில் வெங்கட்ராமனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

ஆனாலும் அவருடைய தொழிலின் மையம் தொழிலாளர் சட்டமே. 1947இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்ததும், அதுவரை வாசற்கூட்டமும் வேலைநிறுத்தமுமாக இருந்த பூசல்கள் தீர்ப்பாயங்களின் படியேறத் தொடங்கின. போனஸ், ஆட்குறைப்பு, பணிநீக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புகள் குவிந்தன. முன் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று தெரியாமல் ஒரு தொழிற்சங்கம் வாதாட முடியாது. அந்தத் தீர்ப்புகளைத் திரட்டித் தருவதற்கென்றே 1949இல் அவர் ‘லேபர் லா ஜர்னல்’ என்ற இதழைத் தொடங்கினார். தொழிலாளர் வழக்குகளை நடத்துவோர் இன்றும் மேற்கோள் காட்டும் இதழ் அது. ஒரு துறைக்கே கருவி செய்து கொடுத்த இந்தச் செயலை அவருடைய வாதத்திறமையைவிட உயர்வாகவே மதிப்பிட வேண்டும்.

1950இல் இடைக்கால நாடாளுமன்றத்துக்கும், 1952இல் தஞ்சாவூரிலிருந்து முதல் மக்களவைக்கும் சென்றார். 1957இல் மீண்டும் வென்றார். ஆனால் அந்த இடத்தைத் துறந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். டெல்லியில் வளர்ந்துகொண்டிருந்த ஒருவர் மாநிலப் பணிக்கு இறங்கி வருவது அன்றும் இன்றும் அரிது.

தொழில், தொழிலாளர் நலன், கூட்டுறவு, மின்சாரம், போக்குவரத்து, வணிகவரி ஆகிய துறைகள் அவரிடம் வந்தன. ஆலைக்கு அனுமதி வாங்கித் தருவதும், மின் இணைப்பு கொடுப்பதும், வரி வாங்குவதும், அங்கே வேலை செய்பவரின் குறையைக் கேட்பதும் ஒரே மேசைக்கு வந்துசேர்ந்த அமைப்பு இது. நேற்றுவரை தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் இப்போது முதலாளிகளை மாநிலத்துக்கு அழைக்க வேண்டியவரானார். இரு தரப்பின் கணக்கும் தெரிந்தவர் என்பதே அவருக்குப் பலமாக இருந்தது.

கிண்டி தொழிற்பேட்டை 1958இல் எழுந்தது. மூலதனம் குறைந்த சிறு தொழில்முனைவோர் நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, மின்சாரத்துக்கு அலைந்து ஓய்ந்துபோவதற்குப் பதிலாக, அரசே ஷெட் கட்டி, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துவிடும். லேத்து மெஷினோடு வந்தால் போதும், வேலையைத் தொடங்கலாம். அடுத்து 1960களில் இன்னும் பெரிய அளவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் இயங்கிவந்த நகரத்தில், அவற்றைப் போன்ற ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகள் இந்தப் பேட்டைகளில் பெருகின. பின்னாளில் சென்னை கார் உற்பத்தி நகரமாக உயர்ந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தமிழகத் தொழில்வளர்ச்சியின் தந்தை என்ற பெயர் அவருக்கு வழங்கியது மிகையில்லை.

1967இல் காங்கிரஸ் மாநில ஆட்சியை இழந்ததும் திட்டக் குழுவுக்குச் சென்று 1971 வரை அதன் உறுப்பினராக இருந்தார். இவற்றுக்கு இணையாக, அதிகம் பேசப்படாத ஒரு நீதிப்பணியும் நடந்துவந்தது. ஐ.நா. ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் 1955 முதல் 1979 வரை உறுப்பினராகவும், அதில் 1968 முதல் தலைவராகவும் இருந்தார். வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையிலான வழக்கை உலக அளவில் அவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

1977இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். 1980இல் இந்திரா காந்தி அவரை நிதியமைச்சராக்கினார். அவர் காலத்தில் மேலும் ஆறு வங்கிகள் நாட்டுடைமையாயின. சர்வதேச நிதியத்திடம் 500 கோடி எஸ்.டி.ஆர். (நிதியத்தின் கணக்கு அலகு) கடனுக்கு 1981இல் ஒப்பந்தமானது. அதே ஆண்டு கொண்டுவந்த சிறப்புப் பத்திரத் திட்டம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 10,000 ரூபாய் கொடுத்துப் பத்திரம் வாங்கினால் பத்தாண்டு கழித்து 12,000 ரூபாய் கிடைக்கும், பணம் எப்படி வந்தது என்ற கேள்வி வராது. கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவர இதுவே வழி என்றது அரசு. நேர்மையாக வரி கட்டியவருக்கு இது அநீதி என்ற குரலிலும் நியாயம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பெரும்பான்மைத் தீர்ப்பில் சட்டம் நிலைத்தது.

1982 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாறினார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கும் திட்டத்தோடு விஞ்ஞானிகள் வந்தபோது, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கும்படி சொன்னவர் அவர் என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 388 கோடி ரூபாயில் 1983இல் தொடங்கிய அத்திட்டத்திலிருந்தே பிருத்வியும் அக்னியும் வந்தன.

1984இல் குடியரசுத் துணைத் தலைவர். 1987 ஜூலை முதல் 1992 ஜூலை வரை குடியரசுத் தலைவர். ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என நான்கு பிரதமர்களோடு பணியாற்றினார். குடியரசுத் தலைவர் பதவியை மின்தடையின்போது தானே எரியும் அவசர விளக்கு என்று அவர் வர்ணித்தார்.

1991 ஜனவரியில் தமிழகத்தின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபோது, கலைக்கச் சொல்லும் அறிக்கையை ஆளுநர் பர்னாலா தரவில்லை. அறிக்கை இல்லாமலும் நடவடிக்கை எடுக்க இடம்தரும் அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின் சொற்களைக் கொண்டு ஆணை பிறந்தது, வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தியது. ஆனால் கூட்டாட்சியில் அக்கறை கொண்டவர்கள் அந்தக் கையெழுத்தை இன்றும் ஏற்கவில்லை. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்த அஞ்சல் மசோதாவை அவர் கையாண்ட விதம் வேறு. முந்தைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முடிவெடுக்காமல் வைத்திருந்த அதை வெங்கட்ராமன் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார், பிறகு அது கைவிடப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம், ஓய்வூதியம் குறித்த திருத்த மசோதா, மக்களவை கலையும் தறுவாயில், குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை இல்லாமலேயே 1991இல் நிறைவேறி அவரிடம் வந்தது. அதற்கு அவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.