கடவுச்சொல்லை ஊகிக்கும் தாக்குதல்கள்: கணக்கு முடக்கம் போதுமா?

நிறுவனங்களின் கணினி வலையமைப்புக்குள் ஊடுருவ எப்போதும் நுட்பமான நிரல்கள் தேவைப்படுவதில்லை. ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லை ஊகித்துவிட்டாலே போதுமானது.

2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு இவ்வாறே தாக்கப்பட்டது. சுமார் 9,000 கணக்குகளில் 90க்கும் குறைவானவையே ஊடுருவப்பட்டன. அவற்றின் கடவுச்சொற்கள் பலவீனமானவை என்று நாடாளுமன்ற அதிகாரிகள் தெரிவித்தனர்.

பூட்டும் அதன் வரம்பும்

இத்தகைய தாக்குதலைத் தடுக்கும் பழைய ஏற்பாடுதான் கணக்கு முடக்கம். குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் கடவுச்சொல் தவறாக உள்ளிடப்பட்டால், கணக்கு சிறிது நேரம் பூட்டப்படும்.

ஆனால், நிர்வாகி மாற்றாத வரை, விண்டோஸ் மென்பொருளில் இந்த வரம்பு நெடுங்காலம் பூஜ்யமாகவே இருந்தது. அதாவது எத்தனை முறை தவறினாலும் கணக்கு பூட்டப்படாது. 10 தவறுகளுக்குப் பின்னர் 10 நிமிட முடக்கம் என்பது 2022ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பிலேயே இயல்பான அமைப்பானது.

பூட்டைத் தவிர்க்கும் வழி

வரம்பு இருந்தாலும் அதைத் தாக்குபவர்கள் சுற்றிச் செல்கின்றனர். ஒரே கணக்கில் ஆயிரம் கடவுச்சொற்களைச் சோதிப்பதற்குப் பதிலாக, பரவலாகப் பயன்படுத்தப்படும் ஓரிரு கடவுச்சொற்களை ஆயிரம் கணக்குகளில் அவர்கள் சோதிக்கின்றனர். ஒவ்வொரு கணக்கிலும் ஓரிரு தவறுகளே பதிவாவதால் பூட்டு விழுவதில்லை.

2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இம்முறைக்கு இலக்கானது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத பழைய சோதனைக் கணக்கு ஒன்றின் வழியாக நுழைந்தவர்கள், மூத்த அதிகாரிகளின் மின்னஞ்சல்கள் வரை சென்றனர். 2024 ஜனவரி 12ஆம் தேதியே இது கண்டறியப்பட்டது. ரஷ்ய அரசின் ஆதரவு பெற்ற குழுவே இதற்குக் காரணம் என்று அந்நிறுவனம் கூறியது.

சிக்கலான தெரிவு

வரம்பை மிகக் குறைத்தாலும் ஆபத்து உண்டு. வேண்டுமென்றே தவறான கடவுச்சொற்களை உள்ளிட்டு, ஊழியர்கள் அனைவரையும் வெளியே நிறுத்திவிட முடியும். 2008ஆம் ஆண்டு இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற நச்சுநிரல் கடவுச்சொற்களை ஊகிக்க முயன்றபோது, பல அலுவலகங்களில் கணக்குகள் முடங்கின.

எனவே 5 முதல் 10 முயற்சிகள் வரை அனுமதிக்கலாம் என்றும், பூட்டுவதைவிட முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை நீட்டிப்பது மேலானது என்றும் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் பரிந்துரைத்துள்ளது. ஆயினும் கணக்குதோறும் தவறுகளை எண்ணுவது மட்டும் போதாது. நிறுவனம் முழுவதிலும் பதிவாகும் தவறுகளைச் சேர்த்துக் கவனிப்பதும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும், கைவிடப்பட்ட கணக்குகளை மூடுவதும் அவசியமாகின்றன.