அச்சில் வார்த்த ஜெல்லியும் அச்சில் அடங்காத உழைப்பும்

ஆட்டுக்கால் சூப்பை இரவு அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்த்தால் கட்டியாக உறைந்து நிற்கும். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், நெடுநேரம் கொதிக்கும்போது ஜெலட்டினாகக் கரைகிறது. ஆறும்போது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உறைகிறது. கிறிஸ்துமஸ் விருந்திலும் பிறந்தநாள் மேசையிலும் கோபுரமாகவும் நட்சத்திரமாகவும் தளும்பி நிற்கும் வண்ண ஜெல்லிக்கு அடிப்படை இவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பண்டத்தின் கதையைச் சொல்கிறவர்கள் காப்புரிமை பெற்ற ஆண்களையும் வளர்ந்த நிறுவனங்களையும் வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு காலத்திலும் பாத்திரத்தின் அருகே நின்றது யார் என்று கேட்டுப் பார்ப்போம். ஜெல்லி செய்வது எளிதாக எளிதாக, அதற்குப் பின்னால் இருந்த பெண்களின் உழைப்பும் பெயரும் எங்கே போயின என்பது தெரியவரும்.

இரண்டு நாள் வேலை

1747இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் கன்றுக்கால் ஜெல்லிக்குச் செய்முறை இருக்கிறது. இரண்டு கன்றுக்கால்களை ஒரு கேலன் தண்ணீரில் போட்டு, அது நான்கில் ஒரு பங்காக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். வடிகட்டி ஆறவைத்து, மேலே படிந்த கொழுப்பை எடுக்க வேண்டும். பிறகு ஒயின், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, அடித்த முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டு, கம்பளித்துணிப் பையில் ஊற்றி வடிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் தெளியும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். உறைய ஓர் இரவு. ஆக மொத்தம் இரண்டு நாள் வேலை.

கண்ணாடிபோலத் தெளிந்த ஜெல்லி செல்வத்தின் அடையாளமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அதைத் தின்பவர் வீட்டில், நாள் முழுக்க அடுப்பருகே நிற்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அது விருந்தாளிகளுக்குச் சொன்னது. விக்டோரியா காலத்தில் கோபுரமும் கோட்டையும் பழக்கூடையுமாகச் செம்பு அச்சுகள் வந்தன. அச்சுக்கு உள்ளே ஈயம் பூசியிருக்கும். வெளிப்புறச் செம்பைப் பளபளப்பாக வைத்திருப்பது பாத்திரம் தேய்க்கும் பெண்களின் பொறுப்பு. நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுவதுபோல அவர்கள் உப்பும் வினிகரும் மணலும் கொண்டு தேய்த்தார்கள். மடிப்பும் வளைவும் நிறைந்த அச்சை அப்படித் தேய்த்த விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். அன்றைய பிரிட்டனில் கூலிக்கு வேலை பார்த்த பெண்களை மிக அதிகமாக ஏற்றுக்கொண்ட தொழில் வீட்டு வேலைதான். அருங்காட்சியகங்களில் இன்றும் அந்த அச்சுகளைப் பார்க்க முடிகிறது. தேய்த்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை.

பெயர் வைத்த மே வெய்ட்

பொடியாக்கிய ஜெலட்டினுக்கு 1845இல் அமெரிக்கத் தொழிலதிபர் பீட்டர் கூப்பர் காப்புரிமை பெற்றார். வெந்நீரில் கரைத்தால் போதும் என்ற அந்தக் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1897இல் நியூயார்க் மாநிலத்தின் லெராய் என்ற சிற்றூரில் இருமல் மருந்து தயாரித்து விற்றுக்கொண்டிருந்த பெர்ல் வெய்ட் என்பவர், ஜெலட்டின் பொடியோடு சர்க்கரையும் பழச்சுவையும் நிறமும் சேர்த்தார். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, ஆரஞ்சு, எலுமிச்சை என நான்கு சுவைகள். அதற்கு ‘ஜெல்-ஓ’ என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி மே வெய்ட்.

விற்பனை சரியாக நடக்கவில்லை. 1899இல் உரிமையை 450 டாலருக்கு அதே ஊர்க்காரரான ஓரேட்டர் உட்வர்டுக்கு விற்றுவிட்டார்கள். 1902இல் பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அந்த ஆண்டே விற்பனை 2,50,000 டாலரைத் தொட்டது. பண்டத்தை உலகமே மே வெய்ட் வைத்த பெயரால் அழைத்தது. அந்தப் பெயர் ஈட்டிய பணம் அவரிடம் வரவில்லை.

விளம்பரம் யாரை நோக்கிப் பேசியது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளில் வேலைக்காரப் பெண்கள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஏழைப் பெண்களுக்குத் தொழிற்சாலைகளும் கடைகளும் திறந்திருந்தன. சமையலறையில் தனியாக விடப்பட்ட இல்லத்தரசியிடம், இனி நீங்களே நிமிடங்களில் மாளிகை விருந்து படைக்கலாம் என்றது ஜெல்-ஓ. ஒரு சிறுமியே செய்துவிடலாம் என்று காட்ட, விளம்பரப் படத்தில் சிறுமியையே நிறுத்தினார்கள். பிறகு அந்த விளம்பரங்களுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் ரோஸ் ஓ’நீல். பெண்களின் வாக்குரிமைக்காகச் சுவரொட்டிகள் வரைந்த அதே ஓவியர்தான். வாக்குக் கேட்ட கை, வயிற்றுப்பிழைப்புக்காகச் சமையலறைப் பெண்ணையும் வரைந்தது.

பரிசாக ஒரு தையல் இயந்திரம்

ஜெல்-ஓவுக்குப் போட்டியாக, சர்க்கரை சேர்க்காத ஜெலட்டினை விற்றது நாக்ஸ் நிறுவனம். 1890இல் ஜான்ஸ்டவுன் என்ற ஊரில் சார்லஸ் நாக்ஸும் ரோஸ் நாக்ஸும் தொடங்கியது. கையுறைக்கான தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. 1896இல் ரோஸ் நாக்ஸ் ஜெலட்டின் இனிப்புகளுக்கென ஒரு செய்முறை நூல் வெளியிட்டார். 1908இல் கணவர் இறந்தபோது தொழிலைத் தானே நடத்தத் தீர்மானித்தார். பெண்ணின் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்ற மூத்த அதிகாரியை வெளியே அனுப்பினார். பெண் தொழிலாளர்களுக்கென்று இருந்த பின்வாசலை மூடினார். ஆணும் பெண்ணும் ஒரே முன்வாசல் வழியாக வர வேண்டும் என்றார். வாரம் ஐந்து நாள் வேலை, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை, நோய்க்கால விடுப்பு எல்லாம் அங்கே வந்தன. தொண்ணூறு வயதுவரை அவரே தலைவராக இருந்தார்.

இந்தப் பின்வாசல் கதையை நாம் கொண்டாடலாம், கொண்டாட வேண்டும். அதே நிறுவனத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். 1905 வாக்கில் நாக்ஸ் நடத்திய செய்முறைப் போட்டியில் பென்சில்வேனியாவின் நியூ கேஸில் ஊரைச் சேர்ந்த ஒரு பெண் மூன்றாம் பரிசு பெற்றார். நறுக்கிய முட்டைக்கோஸையும் செலரியையும் சிவப்புக் குடமிளகாயையும் புளிப்பான ஜெலட்டினில் உறையவைத்த ‘பெர்ஃபெக்‌ஷன் சாலட்’ அது. அமெரிக்க விருந்துகளில் அரை நூற்றாண்டு ஆண்ட பண்டம். அதை உருவாக்கியவரை வரலாறு ‘திருமதி ஜான் இ. குக்’ என்றே அழைக்கிறது. கணவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு தையல் இயந்திரம்! சமையலறையில் ஜெயித்தவருக்கு அடுத்த அறையில் இன்னொரு வேலை.

லாரா ஷாப்பிரோ தன் நூலுக்கு இந்த சாலட்டின் பெயரையே வைத்தார். வீட்டுச் சமையலை ‘அறிவியல்’ ஆக்க முயன்ற அன்றைய பெண்கள், சிதறும் காய்கறியை எப்படி ஒழுங்கான உருவத்துக்குள் அடக்கினார்கள் என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். தட்டில் எதுவும் வழியக் கூடாது, கலையக் கூடாது. பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்ட அடக்கமும் அப்படிப்பட்டதுதான்.

மிச்சமான நேரம் எங்கே?

ஜெலட்டின் உறையக் குளிர் வேண்டும். 1940இல் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய 44 சதவீதத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட, அச்சு ஜெல்லி எல்லோருடைய பண்டிகைப் பண்டமும் ஆனது. இரண்டு நாள் வேலை சில நிமிடங்களாகச் சுருங்கியது. அப்படியானால் பெண்களுக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டுமே?

வீட்டுச் சாதனங்களின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இதற்கு ஒரு விடை சொன்னார். இயந்திரங்கள் வேலையின் கடினத்தைக் குறைத்தன. கூடவே, வேலையாட்களும் ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்த பங்கை நீக்கி எல்லாவற்றையும் ஒரே பெண்ணின் தலையில் வைத்தன. எதிர்பார்ப்பும் ஏறிக்கொண்டே போனது. ஜெல்லியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொடியைக் கரைத்து ஊற்றுவது எளிது என்று ஆனதும், ஒற்றை நிற ஜெல்லி விருந்துக்குப் போதாமல் போனது. சிவப்பு அடுக்கு உறையும்வரை காத்திருந்து பச்சை அடுக்கை ஊற்ற வேண்டும். பழத்துண்டு மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது, நடுவில் நிற்க வேண்டும். அதற்குப் பாதி உறைந்த பதம் பார்த்துப் போட வேண்டும். அச்சை ஒரு கணம் வெந்நீரில் முக்கி, தட்டில் கவிழ்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக முக்கினால் விளிம்பு உருகிவிடும். குறைந்தால் பாதி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் வாசலில் நிற்கும்போது நடக்கும் இந்தப் பரீட்சையை எந்த விளம்பரமும் காட்டவில்லை.

டப்பர்வேர் நிறுவனமும் ஜெல்லி அச்சு விற்றது. மேல்பகுதியை மாற்றி மாற்றிப் பொருத்தி இதயம், நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம் என்று பண்டிகைக்கு ஏற்ற உருவம் எடுக்கலாம். அந்த நிறுவனத்தின் பண்டங்களை வீட்டு விருந்துகள் வழியாக விற்கும் முறையை நாடெங்கும் வளர்த்தவர் பிரவுனி வைஸ். தனியாக மகனை வளர்த்த பெண். வேறு வேலைக்குப் போக முடியாத ஏராளமான இல்லத்தரசிகள் அந்த விருந்துகளால் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். 1954இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் ஒரு ஆண்டுச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை.

ஆய்வகத்துக்குப் போன சமையலறை

ஜெலட்டினுக்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏறினால் உருகிவிடும். இந்தக் குறை 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் நுண்ணுயிர் ஆய்வகத்தைத் திணறடித்தது. ஜெலட்டின் மேல் கிருமிகளை வளர்த்தால், உடல் வெப்பமான 37 டிகிரியில் அது நீராகிவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே தின்றுவிடும்.

அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே கணவருக்கு ஊதியமில்லா உதவியாளராகவும் ஆய்வுப் படங்கள் வரைபவராகவும் இருந்தார். உங்கள் ஜெல்லி மட்டும் கோடையிலும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று கணவர் கேட்டபோது, அகர்-அகர் போடுகிறேன் என்றார். நியூயார்க்கில் வளர்ந்த காலத்தில், ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக் குடும்பத்து அண்டைவீட்டார் வழியாக அவருக்குக் கிடைத்த சமையல் அறிவு அது. அகர் கடற்பாசியிலிருந்து வருவது. உறைந்துவிட்டால் 85 டிகிரி அளவுக்குச் சூடேறாமல் உருகாது.

அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த கோக் தன் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியைக் குறிப்பிடவில்லை. ஃபேனிக்கு இதில் காசும் வரவில்லை. உலகின் மருத்துவ ஆய்வகங்கள் இன்றும் அகர் தட்டுகளில்தான் கிருமிகளை வளர்க்கின்றன. ஜாவாவின் அடுப்படிகளில் அந்த அறிவைத் தொடக்கத்தில் வைத்திருந்த பெண்கள், ஃபேனியைவிடவும் ஆழமாக மறைந்துபோனார்கள்.

நம் கடலில் மூழ்கும் பெண்கள்

அகர்-அகர் நமக்குப் புதிதல்ல. சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் கடையில் கேட்டு வாங்குகிறோம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் பாலும் நிறமும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, வில்லை வில்லையாக வெட்டும் கடல்பாசி இதுதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் உறையும்.

அந்தப் பாசியின் ஒரு பகுதி மன்னார் வளைகுடாவிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கடற்கரை மீனவப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிக்கிறார்கள். பவளப்பாறை விரலைக் கிழிக்கும். பாசி வியாபாரிகள் கைமாறி மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் போகிறது.

1986இல் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆனபோது, தாய்மாரும் பாட்டிமாரும் போன இடத்துக்குப் போனதற்காகவே இவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். கடலைக் காக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. பாசியைச் சுரண்டி எடுக்கும் இரும்புக் கருவிகளைத் தாங்களே கைவிட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே போவது என்றும் இனப்பெருக்க காலத்தில் போவதில்லை என்றும் தங்களுக்குள் விதி வகுத்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்த பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் கலிஃபோர்னியாவின் சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது. விருதுக்குப் பிறகும் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றைத்தான்: தாங்கள் இந்தக் கடலின் தொழிலாளர்கள் என்ற ஒப்புதல்.

ஜெல்-ஓ பெட்டியில் மே வெய்டின் பெயர் இல்லை. சைனா கிராஸ் பொட்டலத்தில் பாசி பறித்தவரின் பெயர் இல்லை. முன்னவருக்கு இனி எதுவும் கொடுக்க முடியாது. பின்னவர்கள் இன்றும் அலை தணியும் நாள் பார்த்துக் கடலில் இறங்குகிறார்கள். அவர்களுக்குக் கடல்மீதான உரிமையையும் பாசிக்கான நியாயமான விலையையும் இப்போதே கொடுக்க முடியும்.