வீரர்கள் அணிந்த ஜெர்சிக்கு விலை கிடைப்பது எப்படி? - கில் முதல் கிரெட்ஸ்கி வரை

விளையாட்டு வீரர்கள் போட்டியின்போது அணிந்த ஜெர்சிகள் ஏலங்களில் பெரும் தொகைக்கு விற்பனையாகி வருகின்றன. லார்ட்ஸ் மைதானத்தில் 2025 ஜூலையில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் இந்திய அணியின் கேப்டன் ஷுப்மன் கில் அணிந்த, அவரது கையொப்பமிட்ட ஜெர்சி 4,600 பவுண்டுக்கு (சுமார் ரூ.5.41 லட்சம்) ஏலம் போனது. ஜஸ்பிரித் பும்ரா, ரவீந்திர ஜடேஜா ஆகியோரின் ஜெர்சிகள் தலா 4,200 பவுண்டுக்கும், இங்கிலாந்து வீரர் ஜோ ரூட்டின் ஜெர்சி 3,800 பவுண்டுக்கும் விற்பனையாகின.

ஏலத் தொகை ரூத் ஸ்ட்ராஸ் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. இங்கிலாந்து முன்னாள் கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸின் மனைவி ரூத், புகைப்பழக்கம் இல்லாதவர்களையும் தாக்கும் அரிய வகை நுரையீரல் புற்றுநோயால் 2018-ஆம் ஆண்டு காலமானார். தாய் அல்லது தந்தையை இழக்கும் நிலையிலுள்ள குடும்பங்களுக்கு இந்த அறக்கட்டளை உதவி வருகிறது.

மூன்று வகைகள்

கடைகளில் ரசிகர்களுக்காக விற்கப்படும் நகல், வீரருக்காகத் தயாரிக்கப்பட்டும் அணியப்படாதது, களத்தில் அணிந்து ஆடியது என ஜெர்சிகள் மூன்று வகைப்படும். மூன்றாவது வகைக்கே மதிப்பு அதிகம். நகலிலும் வீரர் கையொப்பமிடலாம் என்பதால், கையொப்பம் மட்டுமே ஜெர்சி களத்தில் அணியப்பட்டதற்குச் சான்றாகாது.

சரிபார்ப்பது எப்படி?

எண், சின்னம், தையல் ஆகியவற்றின் அமைவிடம், துணியில் ஏற்பட்ட கிழிசல், கறை போன்றவை போட்டியின்போது எடுக்கப்பட்ட தெளிவான புகைப்படங்களுடன் ஒப்பிடப்படுகின்றன. எந்த இரு ஜெர்சிகளும் நுணுக்கமாக ஒன்றுபோல் அமைவதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

1986 உலகக் கோப்பை கால்பந்து போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா அணிந்த ஜெர்சி, 2022 மே மாதம் சோத்பீஸ் நிறுவனத்தால் சுமார் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் விடப்பட்டது. அது கோல்கள் அடிக்கப்பட்ட இரண்டாம் பாதியில் அணிந்தது அல்ல என மாரடோனாவின் மகள் மறுப்புத் தெரிவித்தார். புகைப்பட ஒப்பீட்டின் மூலம் அது உறுதி செய்யப்பட்டதாக ஏல நிறுவனம் விளக்கமளித்தது.

ஐஸ் ஹாக்கியில் சாதனை

கனடாவின் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி, எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்காக 1988-இல் கடைசியாக அணிந்த ஜெர்சி, 2022 ஜூன் மாதம் 14.52 லட்சம் டாலருக்கு விற்பனையானது. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையை வென்ற சில மாதங்களிலேயே அவர் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

தமிழக வீராங்கனையின் வாள்

இந்தியாவில் பிரதமருக்கு வழங்கப்பட்ட நினைவுப் பரிசுகள் 2021-இல் மின்னணு முறையில் ஏலம் விடப்பட்டன. அதில் சென்னையைச் சேர்ந்த வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் கையொப்பமிட்ட வாள் ரூ.1.25 கோடிக்கு ஏலம் போனது. அந்த ஏலத் தொகை கங்கை நதியைத் தூய்மைப்படுத்தும் 'நமாமி கங்கே' திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது.